முடக்கு எடுப்பது எப்படி? சாரதிகளின் கேள்விகளுக்குப் பதில்

கார் ஓட்டப் பழக்குகிற ஆள் என்ற உரிமையில் இன்றைக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். முடக்கு (றோட்டு வளைவு), கியர், பிரேக், ரயர் பற்றி ஊர்ப் பெயரோடு கேளுங்கள். என்ன கார் வாங்கலாம், என்ன விலை போகுது என்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

கோண்டாவில்: அண்ணை, யாழ்ப்பாணத்துக்குள்ளேயே ஓட்டிப் பழகினவன் நான். அடுத்த மாதம் முதல் தடவையாக நுவரெலியா போகிறேன். கார் மனுவல். றம்பொடைப் பக்க முடக்குகளை நினைத்தால் பயமாக இருக்கு. எதை முதலில் பழக வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. எங்கள் ஊர் தட்டை நிலம். இங்கே முடக்கு என்றால் பெரும்பாலும் ஒழுங்கை மூலை, மதில், பனையோலை வேலி. நின்று பார்த்துத் திருப்பினால் போதும். மலையில் முடக்கு நீளும், உள்ளே போகப் போக இறுகும், கூடவே ஏற்றமோ இறக்கமோ இருக்கும்.

முதலில் பழக வேண்டியது வேலைகளின் ஒழுங்கு. நேர் றோட்டிலேயே பிரேக்கை முடியுங்கள். பிறகு கியரைக் குறையுங்கள், கிளச்சை முழுதாக விடுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்ரியரிங் திரும்பவேண்டும். முடக்குக்குள் அக்சிலேற்றரை வேகம் குறையாத அளவுக்கு மெல்லப் பிடித்திருங்கள். ஸ்ரியரிங் நேராகத் தொடங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காரணம் ரயர். அதன் பிடி மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்குச் செலவழித்த பங்கு திரும்புவதற்கு மிஞ்சாது.

அடுத்தது கண். றோட்டின் இடது விளிம்பும் வலது விளிம்பும் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரிகிற ஒரு புள்ளி இருக்கும். பார்வையை அதில் வையுங்கள். அந்தப் புள்ளி உங்களை நோக்கிக் கிட்ட வந்தால் முடக்கு இறுகுகிறது, உங்கள் வேகம் அதிகம். விலகி ஓடினால் முடக்கு திறக்கிறது. எப்போதும் அந்தப் புள்ளிக்குள் காரை நிறுத்த முடிகிற வேகத்தில் போங்கள். இதைக் கைதடி, நாவற்குழிப் பக்கத்திலேயே பழகலாம், மலைக்குப் போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

போவதற்கு முன் ரயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. ஜப்பானில் இருந்து வந்த கார்களில் ரயரின் பூ (மேல் வெட்டு) நன்றாக இருக்கும், றப்பர் காய்ந்து கிடக்கும்.

சுன்னாகம்: ஒரு முடக்கை எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் எடுக்கலாம்?

ஒரு இலக்கம் சொல்ல முடியாது. ஆனால் கணக்குச் சொல்லலாம். பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 30 மீற்றர் ஆரையுள்ள முடக்கை 40 இல் எடுத்தால் உங்கள் உடல் நிறையில் பத்தில் நாலு பங்கு அளவு விசை பக்கத்துக்கு இழுக்கும். பயணிகள் கைபிடியைத் தேடுவார்கள், ஆனால் கார் சறுக்காது. 50 இல் அது மூன்றில் இரண்டு பங்கு ஆகும். மாரியில் ஈர றோட்டில் சாதாரண ரயருக்கு அது தாங்காது. 60 இல் காய்ந்த றோட்டிலும் விளிம்புதான். பத்துக் கிலோமீற்றர்தானே என்று நினைப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

அதோடு எங்கள் பக்கத்தில் உரும்பிராய், கோப்பாய்த் தோட்டங்களில் இருந்து ரக்டர் ஏறும் இடத்தில் செம்மண் சேறு கிடக்கும். வன்னியில் அறுவடைக்குப் பிறகு றோட்டோரம் நெல் காயும். நெல் ரயருக்குக் கீழ் உருளும், பிரேக் பிடித்தாலும் கார் சறுக்கும். அப்போது கணக்கு எல்லாம் மாறும்.

திருநெல்வேலி: ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் காரில் (பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுவது) கியருக்குக் கீழே பி என்று இருக்கிறதே, அதை முடக்கில் போடலாமா?

முடக்குக்குப் போடுவதல்ல, நீண்ட இறக்கத்துக்குப் போடுவது. எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடாவது குறையும். தட்டை நிலத்தில் அதைப் போட்டுத் திரிந்தால் பற்றரிக்குப் போகவேண்டிய சக்தியில் ஒரு பங்கு வீணாகும்.

கிளிநொச்சி: எங்கள் ஐயா ஏ9 இல் லொறி ஓட்டினவர். இறக்கத்திலும் முடக்கிலும் நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்கிறார். நீங்கள் கியரில் விடச் சொல்கிறீர்கள். எது சரி?

ஐயாவுக்கு வணக்கம். ஆனால் முடக்கில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். இன்றைய பெற்றோல் எஞ்சினில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் கணினி எரிபொருளையே நிறுத்திவிடும், சில்லுதான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் போகவேண்டும். இறக்கத்தில் கியர்தான் மிச்சம்.

மானிப்பாய்: இது புதுக் கார்களின் கதை. என்னிடம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் நிற்கிறது. அதில் கணினி எங்கே?

நியாயமான கேள்வி. கார்புரேற்றர் எஞ்சினில் காலை எடுத்தாலும் பெற்றோல் முழுதாக நிற்காது. அதை நியூட்ரலில் உருட்டினால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்தக் காரின் பிரேக்கை நினைத்துப் பாருங்கள். மலை இறக்கத்தில் அந்த நாலு சில்லுக்கும் எஞ்சினின் உதவி எவ்வளவு தேவை!

கிளிநொச்சி: ஐயா பக்கத்தில் இருந்து சொல்கிறார், நியூட்ரலில் வண்டி கூடத் தூரம் உருளுமாம். அது பொய்யா என்று கேட்கச் சொல்கிறார்.

பொய்யில்லை. மிக மெல்லிய சரிவில், தெரிகிற நேர் றோட்டில் எஞ்சினின் இழுவை இல்லாமல் வண்டி தூரம் போகும். ஐயா ஓட்டிய ஏ9 இல் வவுனியாவுக்கு வடக்கே அப்படி நிறைய இடம் உண்டு. நான் சொல்வது முடக்கும் செங்குத்து இறக்கமும். அங்கே கியர் இல்லாவிட்டால் வேகத்தைக் குறைக்க பிரேக் ஒன்றுதான் மிச்சம். அது சூடேறினால் பிடிப்புக் குறையும், பிரேக் எண்ணெய்க்குள் தண்ணீர் ஊறியிருந்தால் கொதித்து மிதி நிலம் வரை போகும். எஞ்சினையும் அணைத்துவிட்டு உருட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பிரேக் கல்லாகிவிடும்.

சாவகச்சேரி: நியூட்ரல் இல்லை அண்ணை, கிளச்சை மட்டும் மிதித்துக்கொண்டு முடக்கை எடுத்தால்?

அதே குற்றம், வேறு கால். கார் கட்டில்லாமல் ஓடும். பிறகு கிளச்சை விடும் நேரத்தில் எஞ்சினும் சில்லும் ஒரே வேகத்தில் இல்லாவிட்டால் சில்லு ஒரு வெட்டு வெட்டும். ஈரத்தில் அந்த வெட்டே சறுக்க வைக்கும்.

நல்லூர்: ஹைபிரிட் காரை நியூட்ரலில் உருட்டினால்?

பற்றரிக்கு ஒன்றும் ஏறாது. பிரேக் பிடித்தாலும் ஏறாது. அந்தக் காரை வாங்கியதே அதற்குத்தானே? நியூட்ரல் வழக்கு இத்தோடு முடிந்தது. மானிப்பாய் ஐயா இன்னும் எழுதுகிறார், கிளிநொச்சி ஐயாவும் விடமாட்டார் போல. இருவரும் நேரில் சந்தித்துத் தேநீர் குடியுங்கள்.

வட்டுக்கோட்டை: எத்தனை வேகத்தில் முடக்கு எடுப்பது பாதுகாப்பு?

சுன்னாகத்துக்குச் சொன்னதை வாசியுங்கள்.

உடுப்பிட்டி: கார் பந்தயத்தில் வெளியே இருந்து உள்ளே வெட்டி மறுபடி வெளியே போகிறார்களே. அப்படிச் செய்தால் முடக்கு நேராகுமே?

நேராகும். ஆனால் அவர்கள் றோட்டின் முழு அகலத்தையும் பாவிக்கிறார்கள். எங்களுக்குப் பாதிதான் சொந்தம், மறுபாதியில் ஹையேஸ் வான் வரும். உங்கள் பக்கத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வலது முடக்குக்கு இடது ஓரமாகவும், இடது முடக்குக்கு நடுக்கோட்டின் பக்கமாகவும் நில்லுங்கள். பாதை நேராவதற்காக அல்ல, கூடத் தூரம் தெரிவதற்காக. இடது ஓரத்தில் சைக்கிளோ ஆடோ இருந்தால், நடுக்கோட்டில் எதிர்வண்டி வந்தால், அந்த எண்ணத்தையே விடுங்கள்.

கொக்குவில்: மனுவலில் குதியால் அக்சிலேற்றரும் முன்காலால் பிரேக்கும் ஒன்றாக மிதிக்கப் பழகலாமா?

பழகலாம், றோட்டுக்குத் தேவையில்லை. பிரேக்கை முன்னாலேயே முடித்தவனுக்கு அவசரம் என்ன? கியரைக் குறைத்து, கிளச்சை விடுமுன் அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சின் சில்லின் வேகத்துக்கு வந்துவிடும். மொறிஸ் மைனர் போன்ற காரில் முதலாம் கியருக்கு சிங்க்ரோ (கியர் விழுமுன் வேகத்தைப் பொருத்தும் பகுதி) இல்லை. ஓடும்போது அதற்கு இறக்கவேண்டுமென்றால் கிளச்சை இரண்டு தடவை மிதித்து நடுவில் நியூட்ரலில் அக்சிலேற்றரைத் தட்டவேண்டும். அந்த வித்தை தெரிந்த ஆட்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்ப் பழகுங்கள்.

அரியாலை: புதுக் கார்களில் சறுக்காமல் காக்கும் ஈஎஸ்பி இருக்கே, இதெல்லாம் ஏன்?

1995 இல் மெர்சிடிஸ் அதைப் பெரிய கார்களில் போட்டது. 1997 இல் அவர்களுடைய சின்ன ஏ வகைக் கார் சுவீடனில் தடை தவிர்க்கும் சோதனையில் உருண்டது. அதற்குப் பிறகு அந்தக் காருக்கும் கட்டாயமாகப் போட்டார்கள். அது ஒவ்வொரு சில்லாகப் பிரேக் பிடித்துக் காரை நீங்கள் திருப்பிய பக்கம் கொண்டுவரப் பார்க்கும். ரயரிடம் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. பதினைந்து வயது றப்பருக்கு மேல் எந்தக் கணினியும் வேலை செய்யாது. திரும்பவும் சொல்கிறேன், நாலு இலக்கத்தைப் பாருங்கள்.

குருநகர்: வகன் ஆர் முடக்கில் சாய்கிறது. உருளுமா?

ஜப்பானில் அந்தச் சின்ன வகைக் காரின் அகலம் 1.48 மீற்றரைத் தாண்டக்கூடாது, உயரத்துக்கு 2 மீற்றர் வரை இடமுண்டு. ஒடுங்கி உயர்ந்த கார் சாயத்தான் செய்யும். சாய்வது வேறு, உருள்வது வேறு. ஸ்ரியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள், கூரையில் மூட்டை ஏற்றாதீர்கள். வான் வண்டியில் கதிர்காமம் போகிறவர்களுக்கும் இதுவே. எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது கூரைச் சாமானின் பாரம் தெரியும்.

இணுவில்: கைப்பிரேக் இழுத்துச் சறுக்கித் திருப்புவது எப்படி?

இல்லை.

சுழிபுரம்: அண்ணை, சராசரியாக எத்தனை வேகத்தில்...

சுன்னாகம்!

மல்லாகம்: என் ரயரில் 3115 என்று இருக்கு. பூ நல்லாத்தான் இருக்கு. இரண்டு மாற்றத்தான் காசு இருக்கு. கார் முன்சில்லு இழுப்பது, புது இரண்டையும் முன்னுக்குப் போடவா?

2015 இன் 31 ஆவது கிழமை. மாற்றத்தான் வேண்டும். புது இரண்டையும் பின்னுக்குப் போடுங்கள், முன்சில்லுக் கார் என்றாலும். முன் ரயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பின் ரயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைப் பிடிக்கிற கை பலரிடம் இல்லை. மற்ற இரண்டுக்கும் அடுத்த மாதம் காசு சேருங்கள்.