உத்திரத்தின் முனை உளுத்தால் தளத்தையே இடிக்க வேண்டுமா?

கேள்வி: புதுச்சேரி தமிழர் பகுதியில் எங்கள் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. கூடத்தின் மேல் மெட்ராஸ் தளம், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு போட்ட பழைய பாணித் தளம். அதைத் தாங்கும் தேக்கு உத்திரங்களில் இரண்டு, சுவருக்குள் செருகிய முனையில் உளுத்துக் கொட்டுகின்றன. தளத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்கிறார் மேஸ்திரி. 2014 நவம்பர் மழையில் எங்கள் ஊரின் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் விழுந்ததிலிருந்து அம்மாவுக்கும் பயம். என்ன செய்யலாம்?

பதில்: இடிக்க அவசரப்படாதீர்கள். ஆனால் அம்மாவின் பயம் நியாயமானது. அந்த இரண்டு உத்திரங்களுக்கும் சுவரை ஒட்டி இன்றே முட்டுக் கொடுங்கள். முட்டு நிற்கும் தரையில் கனமான பலகை போடுங்கள். இல்லாவிட்டால் பழைய தரை அமுங்கும். மற்றவை பிறகு.

அடுத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் உத்திரத்தை முனையிலிருந்து நடுப்பகுதி வரை குத்திப் பாருங்கள். பழைய தேக்கு பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் ஒரு முழ நீளத்தில்தான் கெடும். வெளியே காற்றுபடும் பகுதி இரும்பாக நிற்கும். காரணம் வயது அல்ல, தண்ணீர். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கிறது. ஈரத்தைத் தேடிக் கரையானும் வருகிறது.

ஆகவே மொட்டை மாடிக்குப் போங்கள். மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? ஒழுகும்போதெல்லாம் மேலே சிமெண்டுப் பூச்சு போட்டிருக்கிறார்களா? நான் பார்த்த ஒரு வீட்டில் அப்படி மூன்று அடுக்கு இருந்தது. சிமெண்டில் விழும் மயிரிழை விரிசல் வழியே தண்ணீர் இறங்கும். இறங்கியது எளிதில் ஆவியாகாது. கூடவே தளத்தின் பாரமும் ஏறுகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும் என்பதால்தான் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டார்கள். சுவர்ப்பூச்சும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும்.

கசிவை அடைத்தபின் தச்சரை அழையுங்கள். உளுத்த முனையை, நல்ல மரம் தெரியும் இடத்தையும் சற்றுத் தாண்டி அறுத்துவிட்டு, காய்ந்த பழைய தேக்கில் புதிய முனை செய்து ஒட்டுப் போடலாம். இரு பக்கமும் தேக்குப் பலகை வைத்து போல்ட்டால் இறுக்க வேண்டும். கடற்காற்றுக்குச் சாதாரண இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகே வாங்குங்கள். உத்திரம் அதிகம் வளைய முயல்வது நடுவில்தான். சுவரருகே வளைவு மிகக் குறைவு. அதனால்தான் முனையில் ஒட்டு தாங்குகிறது. நடுவில் தொய்வோ பிளவோ தெரிந்தால் கதை வேறு. அப்போது மரபுக் கட்டடங்களில் பழகிய பொறியாளர் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உங்கள் ஊரில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினரிடம் ஆலோசனை கேட்கலாம். அவர்கள் பங்கேற்ற வைசியாள் வீதிச் சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது.

மேஸ்திரி சொல்லும் கான்கிரீட் தளம், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட உங்கள் சுவர் பழகாத கட்டுமானம். சுவரையும் அடித்தளத்தையும் சோதிக்காமல் அதை ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மெதுவாக இறுகும். கத்திரி வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும், ஐப்பசி மழையில் கரைந்துவிடும். புதிய முனையைச் சுவரில் செருகும் முன் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசுங்கள். முனையைச் சுற்றிக் காற்றுபட ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கொத்தனார் அதைக் காரையால் அடைக்க வருவார். நீங்கள் பக்கத்தில் நின்று தடுங்கள்.