நாடு வளர்கிறது, என் சம்பளம் வளர்ந்ததா?

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறேன். 2016-இல் மொத்தச் சம்பளம் 9,000 ரூபாய். 2024 டிசம்பரில் 12,500. நாடு வேகமாக வளர்கிறது, ஏற்றத்தாழ்வும் இங்கே குறைவு என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பிறகு ஏன் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது?

பதில்: முதலில் உங்கள் சம்பளத்தை விலைவாசியோடு வைத்துப் பார்ப்போம். தொழிலாளர் நல அமைச்சகத்தின் லேபர் பீரோ, தொழிற்சாலைத் தொழிலாளருக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் 2016-இன் சராசரி 100. 2024 டிசம்பரில் அகில இந்திய எண் 143.7. அப்படியானால் 9,000 × 143.7 ÷ 100 = 12,933. பழைய வாழ்க்கையை அப்படியே ஓட்டவே இவ்வளவு வேண்டும். உங்களுக்கு 433 ரூபாய் குறைகிறது. சம்பளச் சீட்டில் 39 சதவீத உயர்வு. கடைத்தெருவில் 3 சதவீதத்துக்கு மேல் இறக்கம்.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் வழுக்கும். 2020 ஆகஸ்ட் வரை வந்த எண்கள் 2001-ஐ அடிப்படையாகக் கொண்டவை. அந்தப் பழைய எண்ணைப் பார்த்தால் அதை 2.88-ஆல் வகுத்த பிறகே ஒப்பிடுங்கள். அடுத்தது, கைக்கு வரும் தொகையைக் கைக்கு வரும் தொகையோடு ஒப்பிடாதீர்கள். ஈஎஸ்ஐ பிடித்தம் 2019 ஜூலையில் 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகக் குறைந்தது. அந்த வித்தியாசத்தைச் சம்பள உயர்வென்று நினைத்துவிடுவோம். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் ஒரு ஜோடிக்கான ரேட்டையே எடுக்க வேண்டும். கூடுதல் நேரம் உட்கார்ந்து சம்பாதித்தது உயர்வாகாது.

இனி வளர்ச்சி. ஒரு தெருவில் ஒன்பது பேருக்கு மாதம் 10,000, பத்தாவது ஆளுக்கு 1,10,000. சராசரி 20,000. அவர் வருமானம் மட்டும் 2,00,000 ஆனால் சராசரி 29,000. தெரு 45 சதவீதம் வளர்ந்துவிட்டது, ஒன்பது வீட்டில் உலை அதே அளவுதான். தலா வருமானம் என்று செய்தியில் வருவது இந்தச் சராசரிதான். பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் வருமானத்தைக் கேளுங்கள்; அது 10,000-த்தை விட்டு நகரவே இல்லை.

சுதந்திரச் சந்தையில் லாபம் கூடினால் கூலியும் தானாகக் கூடும் என்பது பாதி உண்மை. ஆள் எடுக்கப் போட்டி போடும் கம்பெனிகள் பல இருந்தால் கூடும். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, கம்பெனி பஸ் வரும் வழியில் இருக்கும் இரண்டு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் ரேட்டை அவர்கள்தான் சொல்வார்கள். நாடு வளர வளர வருமான இடைவெளி முதலில் கூடிப் பிறகு குறையும் என்று 1955-இல் சொன்ன பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸே, தன் கட்டுரையில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம் என்று எழுதி வைத்தார். அதை விதியாக்கியது பின்னால் வந்தவர்கள்.

ஏற்றத்தாழ்வை அளப்பது ஜினி எண்; எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவருக்கே என்றால் 100. வாட்ஸ்அப் செய்தியில் வரும் ஜினி எண் 25.5. அது 2022-23-இன் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது, வருமானத்திலிருந்து அல்ல. ஏழை வந்ததையெல்லாம் செலவழிக்கிறார். பணக்காரர் பெரும்பகுதியைச் சேமிக்கிறார். ஆகவே செலவில் இடைவெளி சிறிதாகத்தான் தெரியும். மற்ற நாடுகள் பலவற்றின் எண் வருமானக் கணக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவது படியையும் கிலோவையும் ஒப்பிடுவது போல.

நம்மூரில் இன்னொரு கணக்கும் உண்டு. தோல் ஏற்றுமதி வருமானம் வளர்ச்சியில் சேர்ந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுக் கிணறுகள் கெட்டது கழிக்கப்படவில்லை. அந்த நஷ்டம் விவசாயி தலையில் விழுந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லி, அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சந்தை தானாகப் போட்டிருக்காத விலை அது.

நீங்கள் செய்ய வேண்டியது: சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். உங்கள் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், இரண்டு மூன்று மாதச் சீட்டுகளின் நகலோடு வேலூர் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். கூடவே தைக்கும் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டால் நல்லது.