கண்ட சாட்சியும் வாய்ப்பூட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நார்வே தொடரான 'ஓயெவிட்னே'யை இப்போதுதான் பார்த்து முடித்தேன். பிலிப், ஹென்னிங் என்ற இரண்டு பையன்கள் இரவில் மணல் குவாரியில் ரகசியமாகச் சந்திக்கிறார்கள். அங்கே நடக்கும் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்துவிடுகிறார்கள். உறவு வெளியே தெரிந்துவிடுமே என்று வாய் திறக்காமல் இருக்கிறார்கள். தொடர் பிடித்தது. ஆனால் நார்வேயில் தன்பாலினத் திருமணமே 2009-இல் சட்டமாகிவிட்டது. தொடர் வந்தது 2014-இல். அப்படிப்பட்ட நாட்டில் ஒருவன் இவ்வளவு பயப்படுவானா? கதையை ஓட்டுவதற்கான ஜோடனையாகத் தெரிகிறதே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜோடனைதான். குற்றக்கதையில் ஜோடனை இல்லாத இடம் ஏது? அது கதாபாத்திரத்தின் தோலோடு ஒட்டியிருக்கிறதா, மேலே போர்த்திய சால்வையா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் சட்டத்தின் தேதியைச் சொல்கிறீர்கள். இன்னொரு தேதியைப் பாருங்கள். நார்வேயில் தன்பாலின இணைகள் உறவைப் பதிவு செய்துகொள்ளும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். அதே 1993-இல்தான் ஆன் ஹோல்ட் தன் முதல் நாவலில் ஹன்னே வில்ஹெல்ம்சன் என்ற ஓஸ்லோ போலீஸ் அதிகாரியை அறிமுகம் செய்தார். ஹன்னே ஒரு பெண் மருத்துவரோடு வாழ்கிறாள். கூட வேலை பார்ப்பவர்களுக்கு அது தெரியாது, தெரியவிடவும் மாட்டாள். எழுதியவர் சட்டம் அறியாதவர் அல்ல, வழக்கறிஞர். 1996-இல் நாட்டின் நீதி அமைச்சராகவே ஆனார். சட்டம் எங்கே வந்து நிற்கும், காவல் நிலையத்துக் காபி மேசை எங்கே நிற்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி குவாரிக்கு வருவோம். அந்தப் பையன்களின் மௌனத்துக்கு வெட்கம் மட்டும் காரணம் என்றால் இரண்டாவது அத்தியாயத்திலேயே தொடர் படுத்துவிடும். அங்கே பூட்டு ஒன்றல்ல. உறவை மறைக்க நினைப்பவன் ஹென்னிங். பிலிப் பேசினால் தன் ரகசியத்தை மட்டுமல்ல, அவனுடைய ரகசியத்தையும் அவிழ்க்கிறான். பிலிப் சொந்த வீட்டில் வளரும் பிள்ளையும் அல்ல. குழந்தைகள் நலத்துறை இன்னொரு குடும்பத்தில் ஒப்படைத்த பிள்ளை. அப்படி ஒப்படைத்ததை மாற்றவும் முடியும் என்பதால், அவன் எந்த வீட்டிலும் பாதி பெட்டியைக் கட்டியே வைத்திருப்பவன். அந்த வளர்ப்புத் தாய் ஹெலன்தான் வழக்கை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி. ஊரெல்லாம் தேடும் சாட்சி அவள் வீட்டுச் சமையலறையில் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான். அது தெரிந்த கணமே அவள் வழக்கிலிருந்து விலகியாக வேண்டும். விசாரிப்பவருக்கு வழக்கோடு சொந்தத் தொடர்பு இருந்தால் அவரை 'இன்ஹபில்' என்பார்கள் நார்வேக்காரர்கள்; தகுதியிழந்தவர் என்று பொருள். ஹெலனாக நடித்த அன்னெகே ஃபொன் டெர் லிப்பே 2015-இல் சிறந்த நடிகைக்கான சர்வதேச எம்மி விருது பெற்றார். அவர் முகத்தில் தாயும் போலீசும் மாறி மாறி வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

மறைத்து வைத்த ரகசியத்துக்கு ஒவ்வொரு அத்தியாயத்திலும் வட்டி ஏற வேண்டும். முதலில் சொல்லாமல் இருப்பது, அடுத்து பொய் சொல்வது, பிறகு அந்தப் பொய்யால் வேறு யாரோ மாட்டிக்கொள்வது. ஆறு அத்தியாயங்களுக்கு இது தாங்குகிறது. 2016-இல் அமெரிக்காவில் இதையே பத்து அத்தியாயங்களாக நீட்டினார்கள். நடுவில் வட்டி நின்றுபோகிறது. 'சொல்லித் தொலையேன்டா' என்று பார்ப்பவன் எரிச்சலடைந்துவிட்டால் பையன் மீதிருந்த பரிவு போய்விடும். ஒரு பருவத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு வந்த சந்தேகம் அவர்களுக்கும் வந்திருக்கும் போல. குவாரியை விட்டுவிட்டு, ஒரு பையனின் அப்பாவுக்குச் சொந்தமான, காட்டுக்குள் மரத்தால் கட்டிய சிறு வீட்டில் கொலையை வைத்தார்கள். மௌனத்துக்குக் குடும்பக் காரணம் ஒன்று கூடியது. திறந்த குவாரியின் அந்த நடுக்கம் போய்விட்டது.

சுவீடனின் 'மிட்நாட்சோல்' (2016, எட்டு அத்தியாயங்கள்) வேறு வகை. கிருனா என்ற வடகோடிச் சுரங்க நகரம். நாயகர்களில் ஒருவரான ஆண்டர்ஸ் அரசு வழக்கறிஞர். நம் ஊர்போல நீதிமன்றத்தில் வாதாடுவதோடு முடிவதில்லை அங்கே. பெரிய குற்றங்களில் விசாரணையை வழிநடத்துவதும் அவர்தான். அவர் தன்பாலீர்ப்பாளர், சாமி பழங்குடி வேர் உள்ளவரும்கூட. (நம் சாமி இல்லை.) இரண்டையும் அடக்கி வைத்திருப்பவர், அந்தப் பழங்குடியினரிடம் உண்மையைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே உறவு கொலைக்குத் துப்புமில்லை, காரணமுமில்லை. ஒளிப்பவர்களை அவர் அடையாளம் காணும் விதத்தில் மட்டும் அது தெரிகிறது. எனக்கு இதுவே கூடுதல் பிடித்தம், தொடரில் ரகசியங்கள் கொஞ்சம் அதிகம் என்றாலும்.

மோசமான தொடர்களை அடையாளம் காண்பது எளிது. தன்பாலீர்ப்பாளர் முதல் காட்சியில் பிணமாகக் கிடப்பார், அல்லது கடைசிக் காட்சியில் 'அதனால்தான் கொன்றேன்' என்பார். இரண்டு இடத்திலும் அவருக்குப் பேச வேறு வசனம் இருக்காது.

வசன வரிகளைப் பற்றி ஒன்று. நார்வே மொழியில் 'சம்புவர்', சுவீடனில் 'சம்பு' என்றால் திருமணம் செய்யாமல் கூட வாழ்பவர். ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் காட்டாது. விசாரணையில் ஒருவர் 'என் சம்புவர் வீட்டில் இருந்தார்' என்று சொல்லிவிட்டு எதையும் ஒளித்துக்கொள்ளலாம். ஆங்கில வசன வரியில் அடுத்த வாக்கியத்திலேயே 'ஹீ' வந்து குட்டு உடைந்துவிடும். தமிழில் செய்தால் 'அவர் வந்தார்' என்றே கடைசிவரை கொண்டுபோகலாம். யாராவது செய்கிறார்களா, பார்ப்போம்.

மீண்டும் பார்ப்பதானால் முதல் அத்தியாயத்தில் ஹென்னிங்கை விட்டுவிட்டு ஹெலன் பிலிப்பிடம் என்னென்ன கேட்கிறாள் என்று மட்டும் கவனியுங்கள்.