கொலாஜன் பவுடர் சாப்பிடலாமா?

கேள்வி: வயது 34. ஆறு வருடமாக லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்). தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 7.5 மி.கி. இந்த முறை ரத்தப் பரிசோதனையில் 'பி1என்பி' குறைவு என்று வந்திருக்கிறது. கொலாஜன் உற்பத்தியைக் காட்டுவதாம். பவுடர் வாங்கிச் சாப்பிடட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பவுடர் டப்பா கடையிலேயே இருக்கட்டும். வயிற்றுக்குள் போனால் அதுவும் பருப்பு, முட்டை மாதிரி ஜீரணமாகிற புரதம்தான்.

தச்சுப்பட்டறை வாசலில் கிடக்கும் இழைப்புச் சுருளைப் பார்த்தே உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? பி1என்பி அப்படிப்பட்ட சுருள். கொலாஜன் இழை உருவாகும்போது அதன் முனை வெட்டுப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. முதல் வகைக் கொலாஜன் எலும்பில்தான் அதிகம். ஆகவே இது எலும்பு கட்டும் வேகத்தைச் சொல்கிறது. லூபஸ் ஏறியதா, இறங்கியதா என்று சொல்லாது. அதற்கு ரத்தத்தில் சி3, சி4 புரதங்கள், டிஎன்ஏ எதிர்ப்பொருள், சிறுநீரில் புரதம் என்று வேறு பரிசோதனைகள் இருக்கின்றன.

ஸ்டீராய்டு எலும்பு கட்டும் செல்களை மந்தமாக்கும். உங்கள் எண் குறைய அதுவே காரணமாக இருக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து! எலும்பு கரைவதைத் தடுக்க வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எழுதவில்லையே. எலும்பு கரைவது மெதுவாகும்போது கட்டும் வேகமும் கூடவே குறைவதால், அதுவும் இந்த எண்ணைக் குறைக்கும். அப்படியானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மருத்துவரிடம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். வைட்டமின் டி அளவும் பாருங்கள். வெயிலுக்குப் பயந்து குடையும் முழுக்கைச் சட்டையுமாக நடக்கும் லூபஸ்காரர்களுக்கு அது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.