உள்நாட்டுப் போருக்குப் பின் மொசாம்பிக்கில் பலித்த அமைதி, அதேபோல் போர் கண்ட அங்கோலாவில் ஏன் உடைந்தது?

முக்கியக் காரணம், எதை முதலில் செய்தார்கள் என்பதுதான். அங்கோலாவில் அரசு, கிளர்ச்சி இயக்கமான யுனிட்டா என இரு தரப்புப் படைகளும் முழுதாகக் கலையும் முன்பே 1992 செப்டம்பரில் தேர்தல் வைத்தார்கள். ஐ.நா. கண்காணிப்பாளர்கள் சில நூறு பேரே. யுனிட்டா தலைவர் சவிம்பி முடிவை ஏற்காமல் போருக்குத் திரும்பினார். கையில்தான் படை இருந்ததே!

இதைப் பார்த்த ஐ.நா., அரசும் கிளர்ச்சியாளர்களும் செய்துகொண்ட 1992 அக்டோபர் ரோம் அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் மொசாம்பிக்குக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படையினரை அனுப்பியது. 1993 தேர்தலை 1994 அக்டோபருக்குத் தள்ளி, முதலில் படைகளைக் கலைத்தது. வீடு திரும்பிய வீரருக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகை: 6 மாதத்துக்கு அரசு தந்தது, 18 மாதத்துக்கு நன்கொடை நாடுகள். கிளர்ச்சிப் படையான ரெனாமோ கட்சியாக மாறத் தனி நிதி, பெரும்பங்கு இத்தாலியுடையது. இதை லஞ்சம் என்போர் உண்டு. மீண்டும் ஒரு போரோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு என்பேன்.

ஒரு குறை மட்டும் தங்கியது. ரெனாமோ தலைவரின் ஆயுதக் காவலர்கள் அப்போது கலையவே இல்லை. 2013-ல் மோதல் மீண்டும் வெடித்தபோது அவர்கள் களத்தில் இருந்தார்கள்.