உடைந்த பானைத் துண்டுக்கு ஆங்கிலத்தில் 'ஷார்ட்' என்ற பெயர் எப்படி வந்தது?

பழைய ஆங்கிலத்தில் இது 'ஷெஅர்ட்'. வெட்டுப்பட்ட இடம், விளிம்பில் விழுந்த பள்ளம் என்பதும் அதன் பொருள்தான். துண்டை மட்டுமல்ல, துண்டு போன இடத்தையும் அதே சொல் சுட்டியது! இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் வேலியில் விழுந்த இடைவெளிக்கும் 'ஷார்ட்' என்றே பெயர். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

வேர்ச்சொல்லுக்கு 'வெட்டு' என்று அர்த்தம். பங்கைக் குறிக்கும் 'ஷேர்', கத்தரியான 'ஷியர்ஸ்', கலப்பையின் கொழுவான 'ப்ளவ்ஷேர்', ஏன், நாம் போடும் சட்டையான 'ஷர்ட்' கூட அதே வேரில் கிளைத்தவைதான்.

அப்புறம், தொல்லியலாளர்கள் 'ஷெர்ட்' என்பார்கள். சொல் ஒன்றுதான், வடிவம்தான் வேறு. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் யோபு தன் புண்ணைச் சுரண்ட எடுப்பது 'பாட்ஷெர்ட்', தமிழில் ஓடு.