பழைய தாதா படங்களில் உங்களால் மறக்கவே முடியாத துணை வில்லன் யார்?

'நாயகன்' படத்தில் வருகிற இன்ஸ்பெக்டர் கேல்கர். நடித்தவர் பிரதீப் சக்தி. (முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

படம் 1987 தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அந்தத் தீபாவளி ஊரடங்கும் ஷெல்லடியுமாகப் போனது. நான் பார்த்தது சில வருடம் கழித்து, கரண்ட் இல்லாத காலத்தில். ஒழுங்கையில் எல்லாரும் காசு சேர்த்து, வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து இருந்து பார்த்தோம்.

கேல்கர் வருவது கொஞ்ச நேரம்தான். கதாநாயகன் வேலுவை (கமல்ஹாசன்) எடுத்து வளர்த்த ஹுசைன் பாயைப் பிடித்துக்கொண்டு போவார். பாய் லொக்கப்பில் பிணமாகத் தொங்குவார். மற்ற வில்லன்களுக்கு அடியாள் வேண்டும், கார் வேண்டும். இவருக்குக் காக்கி உடுப்பே போதும். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், ஏன் என்று கேட்க ஆளில்லை. அது எப்படிப்பட்ட பயம் என்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. படத்தின் தொடக்கத்தில் வேலுவின் சொந்த அப்பாவைக் கொல்வதும் பொலிஸ்தான். அதுவும் சின்னப் பெடியனான வேலுவை வைத்தே அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து. அதனால் வேலு கேல்கரைக் கொல்லும் இடத்தில் ஒரே விசில்.

அப்புறம்தான் கேல்கரின் வீட்டைக் காட்டுகிறார்கள். மனைவி, மனவளர்ச்சி குன்றிய ஒரு சின்ன மகன். விசில் அப்படியே நின்றுபோனது. "ஐயோ, இந்தப் பிள்ளையை இனி ஆர் பாக்கிறது?" என்றார் அம்மம்மா. வேலுவே அந்தக் குடும்பத்துக்கு உதவுகிறார். ஆனால் கடைசியில், சாட்சி இல்லாமல் விடுதலையாகிக் கோர்ட்டுக்கு வெளியே வரும் வேலுவைச் சுடுவது அந்த மகன்தான், வளர்ந்தவனாக டினு ஆனந்த். பாதிப் படத்துக்கு முன்னமே செத்துப்போன கேல்கர்தான் படத்தை முடித்து வைக்கிறார். பெரிய பெரிய வில்லன்களை எல்லாம் மறந்துவிட்டேன், இவரை முடியவில்லை.

அம்மம்மா கடைசிக் காட்சி வருமுன் பாயிலேயே நித்திரையாகிவிட்டார். விடிய எழும்பியதும் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப அவனையும் மறியலுக்குக் கொண்டுபோட்டினமோ?"

படத்தில் அதைக் காட்டவில்லை, அம்மம்மா என்றேன்.